தேர் நாளில் நண்டுக்கறி

புதிதாக மேடை ஏறப்போகும் தம்பி தங்கச்சிமாருக்கு,

உங்களுக்கென்று அச்சிடும் கைநூலுக்கு என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டார்கள். தெற்கிலிருந்து வரும் அரசியல்வாதி சிங்களத்தில் ஒரு வசனம் பேசுவார். பக்கத்தில் நிற்கும் நான் அதைத் தமிழில் சொல்லுவேன். சனம் கைதட்டும், அல்லது தட்டாது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி மேடைகளில் நான் செய்த தொழில் இவ்வளவுதான். ஒலிவாங்கியை எப்படிப் பிடிப்பது, குறிப்பு எப்படி எடுப்பது என்பதையெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் என் பொறாமையைப் பற்றி எழுதப்போகிறேன். அது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் வரும். வராது என்று சொல்கிறவருக்கு ஏற்கெனவே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. என் அப்பாவுக்குத் தெற்கில் ஒரு சிறு பட்டணத்தில் கடை இருந்தது. புங்குடுதீவுக்காரரின் பிள்ளைகள் பலர் அப்படித்தான் சிங்களம் படித்தார்கள், கடைக்கு வருகிறவர்களோடு வாயாடி. பிறகு கலவரத்தில் கடை எரிந்தது, நாங்கள் புங்குடுதீவு மடத்துவெளிக்குத் திரும்பி வந்தோம், சிங்களம் மட்டும் என்னோடு வந்தது. பிற்காலத்தில் அமைச்சர்மார் தீவுகளுக்கு வரத் தொடங்கியபோது என்னைத் தேடி வந்தார்கள். என் பெருமை என்னவென்றால், என் வாய்வழியாக எந்த அரசியல்வாதியும் உளறியதில்லை. அவர்கள் உளறினார்கள். நான் திருத்தினேன்.

நெடுந்தீவில் ஒரு அமைச்சர், அங்கே மேயும் குதிரைகளைப் பார்த்துவிட்டு, இவற்றைப் பிடித்துத் தெற்கே பந்தயத்துக்குக் கொண்டுபோகலாம் என்று மேடையில் சிரித்துக்கொண்டே சொன்னார். நெடுந்தீவுச் சனத்துக்கு அந்தக் குதிரைகள் என்றால் உயிர் என்று எனக்குத் தெரியும். "குதிரைகளுக்குத் தண்ணீர்த்தொட்டி கட்டித் தருவோம் என்கிறார்" என்று சொன்னேன். கைதட்டல் பறந்தது. அமைச்சருக்குத் தன் பகிடி இவ்வளவு எடுபட்டது ஏன் என்று விளங்கவில்லை, ஆனாலும் மகிழ்ந்துபோனார். எனக்கு அன்று தலைகால் தெரியவில்லை. அந்தத் தொட்டி எங்கே என்று நெடுந்தீவுக்காரர் ஒருவர் என்னை எங்கே கண்டாலும் இன்றைக்கும் கேட்பார். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இப்படி நான் தனிக்காட்டு ராசாவாக இருந்தபோதுதான் றெஜினா வந்தார். சுருவில் பக்கம் ஊர், கடல்தொழில் குடும்பம், கத்தோலிக்க வேதக்காரர். சிலாபத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்ததால் சிங்களம் அவருக்கு இரண்டாவது தாய்மொழி. என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர். முதல்முறை அவர் மொழிபெயர்த்ததைக் கூட்டத்தின் பின்பக்கம் நின்று கேட்டேன். பேசுகிறவர் கோபப்பட்டால் அவர் குரலிலும் கோபம் வந்தது. பேசுகிறவர் தடுமாறினால் இவரும் அந்த இடத்தில் தடுமாறினார். நான் வீட்டுக்கு வந்து மனுசியிடம், "பிள்ளைக்கு அனுபவம் காணாது, பேசுறவரைக் காப்பாத்தத் தெரியேல்லை" என்றேன். என் மனைவி மாவரித்துக்கொண்டே, "அப்ப ஏன் உங்கடை முகம் இப்பிடிக் கிடக்கு?" என்று கேட்டார்.

போன சனாதிபதித் தேர்தல் காலத்தில், வேட்பாளர் ஒருவர் வெளிநாடுகளுக்குப் போய் அங்கே குடியேறிய எங்கள் ஆட்களைச் சந்திக்கத் திட்டமிட்டார். பரிஸ், பிறகு ரொறன்ரோ. பெயர் வேண்டாம், அவர் தோற்றுப்போய்விட்டார், தோற்றவரைப் போட்டு உதைப்பது எனக்குப் பிடிக்காது. மொழிபெயர்ப்பாளராக என்னைத்தான் யோசித்திருப்பதாக அவருடைய தீவுப்பகுதி அமைப்பாளர் சொன்னார். நான் உடனே கடவுச்சீட்டு எடுத்தேன். குளிர்ச்சட்டை ஒன்றும் வாங்கினேன். யாழ்ப்பாணத்து வெயிலில் அந்தச் சட்டையைப் போட்டு அலுமாரிக் கண்ணாடியில் பார்த்ததை மனைவி கண்டுவிட்டார் என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

பத்து நாள் கழித்து அமைப்பாளர் தொலைபேசியில் வந்தார். "அண்ணை, குறை நினையாதேங்கோ. பெண்பிள்ளை ஒண்டு பக்கத்திலை நிண்டால் வெளிநாட்டிலை நல்லா எடுபடும் எண்டு மேலிடத்திலை நினைக்கினம். றெஜினா போகட்டும்."

"அதுக்கென்ன, போகட்டும்" என்றேன். போனை வைத்த பிறகு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அவர் விமானத்தில் ஏறும் படம் முகநூலில் வந்தது. பரிஸில் வேட்பாளருக்குப் பக்கத்தில் கறுப்புக் கோட்டுடன் நிற்கும் படம் வந்தது. ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். கோட்டு அவருக்கு அளவில்லை என்று கண்டபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இப்படிப்பட்ட மனிதன்தான் உங்களுக்குப் புத்தி சொல்ல வந்திருக்கிறேன்.

பரிஸிலேயே வேட்பாளர் ஒருமுறை சறுக்கினார். வசதியான வாழ்க்கை தேடி நீங்கள் இங்கே வந்தது எனக்கு விளங்குகிறது என்று, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிப்போன சனத்தைப் பார்த்துச் சொன்னார். றெஜினா அதை அப்படியே சொன்னார். மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஊரில் கொஞ்சப்பேர் திட்டி எழுதினார்கள், இரண்டு நாளில் அடங்கியது. நானாக இருந்தால் "பாதுகாப்பான வாழ்க்கை" என்று மாற்றியிருப்பேன் என்று கண்டவர் நின்றவருக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ரொறன்ரோவில் நடந்தது அப்படி அடங்கவில்லை. தீவுப்பகுதி ஆட்கள் கூடிய மண்டபம். அங்கே பின்னேரம், எங்களுக்கு விடியற்காலை. தேத்தண்ணியோடு உட்கார்ந்து முகநூலில் நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேட்பாளர் உற்சாகத்தில் இருந்தார். ஒலிவாங்கியைக் கீழே இறக்கி, முன்வரிசையைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து ஏதோ சொன்னார். சிறு இடைவெளி. பிறகு றெஜினாவின் குரல் கணீரென்று வந்தது: "நயினாதீவு அம்மன் தேர் நாளன்று ஒரு வீட்டில் எனக்கு நண்டுக்கறியோடு சோறு தந்தார்கள். அந்த ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது என்கிறார்."

நயினாதீவில் திருவிழாக் கொடி ஏறிவிட்டால் சைவ வீடுகளில் மீன் இறைச்சி காய்ச்சும் மச்சச்சட்டி பரணுக்குப் போய்விடும். தேர் நாளில் நண்டு என்பது அந்தத் தீவின் ஒவ்வொரு குசினியையும் பார்த்துச் சொன்ன வசை. மனிதர் வேறொரு வருடம் வேறெங்கோ நண்டு சாப்பிட்டிருப்பார், தேருக்கும் ஒருமுறை வந்திருப்பார், இரண்டையும் சேர்த்துக் குழைத்துவிட்டார். நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோசம்தான் வந்தது. "போச்சு, பிள்ளை துலைஞ்சுது" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அன்று மத்தியானத்துக்குள் தீவெல்லாம் இதே கதை. குறிகாட்டுவான் துறையில் படகுக்கு நின்ற வரிசையில், "எந்த வீட்டிலை குடுத்தவையாம்? பேரைச் சொல்லட்டும்" என்று நயினாதீவு அம்மா ஒருவர் சத்தம் போட்டார். வேலணையில் ஒட்டியிருந்த சுவரொட்டிகளில் வேட்பாளரின் முகத்துக்குக் கரியால் நண்டுக்கால் முளைத்தது. அவருக்கு வேலை செய்த பெடியள் வெளியே தலைகாட்டவில்லை.

மூன்றாம் நாள் அவருடைய அலுவலகத்திலிருந்து அறிக்கை வந்தது. வேட்பாளர் அப்படிச் சொல்லவில்லை, மொழிபெயர்ப்பில் ஏற்பட்ட தவறு என்றது அறிக்கை. ஊர் அதை ஒரே மடக்கில் விழுங்கியது. ஏனென்றால் மொழிபெயர்த்தவர் வேதக்காரப் பிள்ளை. "அவவுக்கு எங்கடை தேரைப் பற்றி என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. முகநூலில் பரவிய அந்த நேரடிக் காணொளியோ மண்டபத்தின் பின்பக்கமிருந்து கைபேசியில் எடுத்தது. வேட்பாளரின் சிங்களம் அதில் முணுமுணுப்பாகத்தான் கேட்டது. றெஜினாவின் தமிழ்தான் தெளிவாகக் கேட்டது.

நான் காதுக்குள் இயர்போனைச் செருகிக்கொண்டு அதை ஏழெட்டுத் தரம் கேட்டேன். மற்றவர்களுக்கு முணுமுணுப்பு. எனக்கு அப்படியல்ல, மேடையில் காற்றோடும் இரைச்சலோடும் சிங்களம் கேட்டுப் பழகிய காது இது. வேட்பாளர் தேர் நாள் என்றார், நண்டு என்றார். அதற்குப் பிறகு வந்த அந்தச் சிறு இடைவெளியில் இன்னொன்றும் இருந்தது. றெஜினா குரலைத் தாழ்த்திச் சிங்களத்தில், "தேர் நாளிலா ஐயா? வேறு நாளாக இருக்குமோ?" என்று கேட்கிறார். "தேர் நாள்தான், சொல்லு சொல்லு" என்கிறார் அவர்.

பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்த மனிதருக்குத் தப்பிக்க ஒரு வழியும் திறந்துவிட்டிருக்கிறார். அவர்தான் அதில் போகவில்லை.

அன்று பின்னேரம் றெஜினா எனக்குத் தொலைபேசி எடுத்தார். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து நேரே வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். வேலணையில் அவரிடம் சிங்களம் படித்த பிள்ளைகளைத் தாய்தகப்பன் மறித்துவிட்டார்களாம். வீட்டுக்கு முன்னால் யாரோ தின்ற நண்டுக் கோதுகளைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அண்ணை, காணொளி கேட்டனீங்களோ?"

"ஓம், கேட்டனான்."

"உங்களுக்கு விளங்கியிருக்கும். நான் சொன்னால் ஆரும் நம்ப மாட்டினம். நீங்கள் சைவம், தீவான், சிங்களம் தெரிஞ்ச ஆள். பேப்பர்காரருக்கு ஒரு வார்த்தை சொன்னீங்கள் எண்டால் காணும்."

என் மேசையில் அந்தக் கடவுச்சீட்டு கிடந்தது. "சத்தம் தெளிவில்லைப் பிள்ளை. கேளாததைக் கேட்டனான் எண்டு சொல்ல ஏலாது" என்றேன்.

மறுமுனையில் அவர் மூச்சு விடுவது கேட்டது. அதுவும் எனக்குத் தெளிவாகத்தான் கேட்டது. கடைசியில் நான், "நீர் நண்டை விட்டிட்டுச் சொல்லியிருக்கலாமே. நான் எண்டால் சர்க்கரைப் பொங்கல் எண்டு மாத்தியிருப்பன்" என்றேன்.

"முன்வரிசையிலை இருந்ததிலை பாதிப்பேர் தெற்கிலை கடை வைச்சிருந்தவை அண்ணை. அவைக்குச் சிங்களம் எங்களை விட நல்லாத் தெரியும்" என்றுவிட்டு வைத்துவிட்டார். கடைக்காரரின் பிள்ளை நான். எனக்கு அது தோன்றவே இல்லை.

அடுத்த கிழமை அமைப்பாளர் வந்தார். வேட்பாளர் தீவுப்பகுதிக்கு நேரில் வருகிறாராம், மடத்துவெளியில் கூட்டமாம், "இனி நீங்கள்தான் அண்ணை" என்றார். கேட்க இனித்தது. சொந்த ஊர், சொந்த மேடை. வேட்டியை நானே இஸ்திரிப்பெட்டியால் மினுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மைதானம் நிறைந்துவிட்டது. நயினாதீவிலிருந்தும் படகேறி ஆட்கள் வந்திருந்தார்கள், என்ன சொல்லப்போகிறார் என்று பார்க்க. றெஜினாவும் தாயோடு ஸ்கூட்டரில், தீவுகளை இணைக்கும் கடல் வீதியான தாம்போதியைக் கடந்து வந்திருந்தார். ஒலிபெருக்கி கட்டியிருந்த கம்பத்துக்குக் கீழே அவர்கள் இருவரும் நின்றார்கள். பக்கத்தில் ஒருவரும் நிற்கவில்லை.

வேட்பாளர் வீதி, குடிதண்ணீர் என்று கொஞ்சம் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். சிங்களத்தில் அவர் சொன்னது இதுதான்: "கனடாவில் நான் சொல்லாத ஒன்றை என் வாயில் போட்டுவிட்டார்கள். மொழிபெயர்த்த பெண்ணுக்கு உங்கள் கோயில் வழக்கம் தெரியாது. அறியாமல் செய்ததுதான், அவரை மன்னித்துவிடுங்கள்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். மைதானம் முழுவதும் என்னைப் பார்த்தது.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, அந்த மூன்று நான்கு நொடிகளைத்தான் நான் உங்களுக்கு எழுத வந்தேன். திருத்திச் சொல்வது எனக்குக் கைவந்த கலை. "கனடாவில் ஒரு குழப்பம் நடந்துவிட்டது, உங்கள் மனம் நொந்திருந்தால் மன்னியுங்கள் என்கிறார்" என்று ஒரு வசனம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. சனமும் ஆறியிருக்கும், றெஜினாவும் தப்பியிருப்பார், வேட்பாளருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. வாழ்நாள் முழுக்கச் செய்த வேலைதானே. இல்லையென்றால் றெஜினா செய்ததுபோல அவர் பக்கம் திரும்பி, "இதை அப்படியே சொல்லவா ஐயா?" என்றாவது கேட்டிருக்கலாம்.

நான் அப்படியே சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு வசனத்தை அவ்வளவு சரியாக மொழிபெயர்த்தது அன்றுதான். ஒன்றைக் கூட்டவில்லை, ஒன்றைக் குறைக்கவில்லை. "மொழிபெயர்த்த பெண்ணுக்கு உங்கள் கோயில் வழக்கம் தெரியாது" என்ற இடத்தில் நிறுத்தி, கடைசி வரிசைக்கும் கேட்கட்டும் என்று ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு அடுத்ததைச் சொன்னேன். முன்னால் இருந்த ஒருவர், "அதுதானே பாத்தன்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். கைதட்டல் எழுந்தது. வேட்பாளர் என் தோளில் தட்டினார்.

கூட்டம் கலைந்தபோது றெஜினா நேரே என்னிடம் வந்தார். தாய் ஸ்கூட்டருக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். திட்டுவார் என்று நினைத்துத் துணைக்கு ஆட்களைத் தேடினேன். அவர் திட்டவில்லை.

"ஒரு சொல்லும் பிசகேல்லை அண்ணை" என்றார். "இப்பிடி உங்களுக்கு ஏலும் எண்டு எனக்குத் தெரியாது."

ஸ்கூட்டர் தாம்போதிப் பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அமைப்பாளரின் வாகனத்தில் ஏறி, கட்லிசும் சோடாவும் சாப்பிட்டேன். சாப்பாடு நன்றாக இறங்கியது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

தேர்தல் முடிந்தது, மனிதர் தோற்றார். அடுத்த கிழமை ரொறன்ரோவில் முன்வரிசையில் இருந்த நயினாதீவுக்காரர் ஒருவர் தன் கைபேசியில் எடுத்த காணொளியை வெளியிட்டார். அந்த வரிசையில் இருந்த எல்லோரையும்போல அவரும் வேட்பாளரின் ஆதரவாளராம், தேர்தல் முடியட்டும் என்று வைத்திருந்தாராம். அதில் எல்லாம் தெளிவாகக் கேட்டது. தேர் நாள், நண்டு, றெஜினாவின் கேள்வி, "சொல்லு சொல்லு" என்ற பதில் எல்லாமே. சிங்களம் அரைகுறையாகத் தெரிந்தவருக்கும் விளங்கியது. "அந்தப் பிள்ளை கேட்டிருக்கு பாருங்கோ" என்று, திட்டிய அதே வாய்கள் சொல்லின. வேலணைப் பிள்ளைகள் திரும்ப வகுப்புக்கு வந்தார்கள். உண்மை வெளியே வந்ததில் எனக்கு ஒரு பங்கும் இல்லை.

குறிகாட்டுவான் துறையில் ஒருநாள், அன்று வரிசையில் நின்று சத்தம் போட்ட அதே அம்மா என்னை மறித்தார். "தம்பி, நீர் சிங்களம் கரைச்சுக் குடிச்ச ஆள். பழைய காணொளியிலையும் உது இருந்திருக்குமே? உமக்குக் கேட்கேல்லையோ?"

சுற்றி ஆட்கள் நின்றார்கள். "எனக்கு இப்ப காது கொஞ்சம் மந்தம் அம்மா" என்றேன்.

அந்த வார்த்தை எனக்கு முன்னாலேயே படகேறி எல்லாத் தீவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. காது மந்தமான மொழிபெயர்ப்பாளரை யார் மேடைக்குக் கூப்பிடுவார்கள்? ஒரு அழைப்பு நின்றது, இரண்டு நின்றது, பிறகு எல்லாமே நின்றன. நான் ஓய்வு பெற்ற கதை இதுதான். வயதானதால் விட்டுவிட்டேன் என்று இந்தக் கைநூலின் முன்னுரையில் போட்டிருந்தால், அது தொகுத்தவர்களின் மரியாதை.

பொறாமை போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை, ஆனால் விமானம், கோட்டு, படங்கள் எல்லாம் மறந்துவிட்டன. அந்தக் கடவுச்சீட்டில் இன்றுவரை ஒரு முத்திரையும் விழவில்லை, அதற்காகவும் நான் வருந்துவதில்லை. "தேர் நாளிலா ஐயா?" என்று அவர் கேட்டாரே, அந்தக் கேள்விக்குத்தான் என் வயிறு இன்னும் எரிகிறது. இத்தனை வருட மேடையில், பக்கத்தில் நிற்பவரைத் திரும்பிப் பார்த்து நான் ஒருமுறையாவது அப்படிக் கேட்டதில்லை. ஒன்று, அவருக்குத் தெரியாமல் திருத்தினேன். அல்லது, மடத்துவெளியில் செய்ததைச் செய்தேன்.

இந்தக் கைநூலில் எனக்கு அடுத்து வருவது றெஜினாவின் கட்டுரை. எனக்குக் கொடுத்ததைவிட அவருக்குக் கூடுதலான பக்கம் கொடுத்திருக்கிறார்கள், எண்ணிப் பார்த்துவிட்டேன். அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று எனக்குக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. மடத்துவெளிக் கூட்டத்தைப் பற்றியும் எழுதியிருக்கக்கூடும். என் குற்றத்தை நான் கொஞ்சம் மெருகேற்றிச் சொல்லியிருப்பேன், பழக்கம் விடாது. அதனால் நான் சொன்னதும் அவர் சொல்வதும் ஒத்துவராத இடத்தில், நீங்கள் அவரை நம்புங்கள்.